என் முகத்தைப் பார்த்தால் வாந்தி வரும்

எங்கள் பாலார்ட் மீனவர் பகுதியில் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் நான் வீட்டுக்குப் போய் சாவுக்குப் போட்டுக்கொண்டு போகும் கறுப்புக் கோட்டை எடுத்து வெயிலில் போடுவேன். மூன்று வாரத்துக்குள் அது தேவைப்படும். இதுவரை ஒருமுறைகூடத் தப்பியதில்லை. இதில் சாபமோ சூனியமோ கிடையாது. நான் பார்த்த வேலை அப்படி.

நான் ஆஸ்பத்திரியில் சாராயம் ஊற்றிக் கொடுத்தவன்.

சியாட்டிலுக்கு வடக்கே, குன்றின்மேல் இருந்த அந்த ஆஸ்பத்திரி குடிகாரர்களுக்கு மட்டுமானது. டாக்டர் விட்கோம்பின் வைத்தியத்தில் சிக்கல் எதுவும் இல்லை. குடிகாரனை அவனுக்குப் பிடித்த சரக்குக்கு முன்னால் உட்காரவைத்து, வாந்தி மருந்தை ஊசியில் ஏற்றி, கோப்பையைக் கையில் கொடுத்துவிட வேண்டியது. உள்ளே போனது உடனே வெளியே வரும். கூடவே முந்தாநாள் சாப்பிட்டதும் வரும். ஒருநாள் விட்டு ஒருநாள், மொத்தம் ஐந்து தடவை. அதற்குப் பிறகு அந்த வாசனை தெருமுனையில் வந்தாலே வயிறு புரளும். மனசு மறந்துவிடும், வயிறு மறக்காது என்பது டாக்டரின் கட்சி.

ஆரம்பத்தில் வெள்ளைக் கல் பதித்த அறையில்தான் செய்து பார்த்தார். நோயாளிகளுக்கு வெள்ளைக் கல்லைக் கண்டால் குமட்டியது. வெளியே போனதும் மதுக்கடையில் உட்கார்ந்து சந்தோஷமாகக் குடித்தார்கள். எனவே ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் ஒரு மதுக்கடையையே கட்டினார். நீளமான மரமேடை, பின்னால் பெரிய கண்ணாடி, கால் வைக்கப் பித்தளைக் குழாய், அலமாரி முழுக்க எல்லா வகைப் பாட்டில்களும். வெளியே இருக்கும் கடைக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், ஒவ்வொரு இருக்கைக்கு முன்னாலும் மேடையில் ஒரு தொட்டி பதித்திருந்தார்கள். கடை அசலாக இருக்க, ஊற்றுகிறவனும் அசலாக இருக்க வேண்டும் என்று துறைமுகத்துக் கடையில் பன்னிரண்டு வருஷம் ஊற்றிக்கொண்டிருந்த என்னைத் தேடி வந்தார்.

“குடிக்கக் கொடுக்கணும், அவ்வளவுதானே டாக்டர்?”

“கொடுக்கணும். அப்புறம் தொட்டியக் கழுவணும்.”

“இங்கயும் அதத்தான் செய்றேன். தொட்டிதான் இல்ல.”

டாக்டர் பொல்லாத கவனக்காரர். நர்ஸ் மிஸ் ரட் வாசனைத் தண்ணீர் போடக்கூடாது; போட்டால் வீட்டில் மனைவி போட்டுக்கொள்ளும்போது கணவன் ஜன்னலைத் தேடி ஓடுவான். அந்த அறைக்குள் காப்பி வரக்கூடாது; குடியை விட்டவனுக்குக் குடிக்க ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். வானொலியும் கூடாது, ஒரு மரம்வெட்டி அக்கார்டியன் சத்தம் கேட்டாலே கவிழ்ந்துவிடுவான் என்று ஆகிப்போனது, அவன் மாமனாரோ அக்கார்டியன் வாசிப்பவர். இப்படி ஒவ்வொன்றாக யோசித்து யோசித்து நீக்கியவர் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அதே ஏப்ரன், அதே மீசை, வருகிற ஒவ்வொருவனிடமும் “வழக்கம்போலதானே?” என்று அதே கேள்வி. மேடைக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன்.

முதலில் தெரிந்தது இரும்புக் கடையில். பேடர் என்ற தச்சர் ஆணிப் பீப்பாய்மேல் குனிந்து ஆணி பொறுக்கிக்கொண்டிருந்தார். நான்கு மாதம் முன்புதான் குணமாகிப் போனவர். “சௌக்கியமா?” என்றேன். நிமிர்ந்து பார்த்தார். மறுபடி பீப்பாய்மேல் குனிந்தார். அந்த ஆணிகள் ஒரு வாரத்தில் துருப்பிடித்துப் போயின என்று கடைக்காரர் இன்றைக்கும் என்னைக் குறை சொல்வார்.

அதற்குப் பிறகு தெருவில் நான் ஒரு பக்கம் வந்தால் குணமானவர்கள் மறுபக்கம் போனார்கள். போக நேரமில்லாதவர்கள் சாக்கடையோரம் குனிந்தார்கள். கடற்காகங்கள் டாக்டரைவிடக் கெட்டிக்காரப் பறவைகள். நான் போகிற இடத்தில் சாப்பாடு விழும் என்று இரண்டே வாரத்தில் படித்துக்கொண்டு, நான் வாசலைத் திறந்தால் முப்பது நாற்பது தலைக்கு மேல் சுற்ற ஆரம்பித்தன. தேவாலயத்துக்குப் போனால் கூரைமேல் வரிசையாக உட்கார்ந்து காத்திருக்கும்.

பாஸ்டர் நெஸ் ஒருநாள் என்னைத் தனியாக அழைத்தார்.

“சிவெர்ட், தப்பா நெனைக்காதீங்க. நீங்க கடைசி பெஞ்சுல உக்காந்தா தேவல. நான் பிரசங்கம் பண்றப்போ பாதிப் பேர் கர்ச்சீப்ப எடுத்துக்கிட்டு வெளிய ஓடுறாங்க.”

“அது என் மூஞ்சியாலதான்னு எப்படிங்க அவ்வளவு உறுதியா சொல்றீங்க?” என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். ஆனாலும் கடைசி பெஞ்சுக்குப் போனேன்.

டாக்டரிடம் ஒரு பெரிய பதிவேடு இருந்தது. யார் எத்தனை மாதம் குடிக்காமல் இருந்தார்கள் என்று எழுதி வைப்பார். கிழக்கே மலைக்கு அப்பாலிருந்து வந்தவர்களில் பாதிப் பேர் ஒரு வருஷத்துக்குள் மறுபடி குடித்தார்கள். பாலார்ட்காரர்கள் மட்டும் அப்படியே நின்றார்கள். கடற்காற்று என்று சந்தேகப்பட்டார். பிறகு மீன் எண்ணெய் என்று சந்தேகப்பட்டு, நோயாளிகளுக்கு நாளுக்கு இரண்டு கரண்டி கொடுத்துப் பார்த்தார்.

“டாக்டர், மீன் எண்ணெயும் இல்ல, கடற்காத்தும் இல்ல. நான்தான். இவங்க தினமும் என்னைப் பாக்கறாங்க.”

சிரித்தார். என்னோடு கடைத்தெருவில் ஒரு நடை நடந்தார். திரும்பி வரும்போது சிரிக்கவில்லை. மருந்து அலமாரியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

“தினமும் ஒரு தடவ நடப்பீங்களா?”

“ரொட்டி வாங்கணுமே.”

“இனிமே ரெண்டு தடவ வாங்குங்க.”

ஆமுண்ட் என்று ஒருவர். கயிறு திரிப்பவர். குணமான பிறகு வடக்கே அலாஸ்காவில் மீன் பதப்படுத்தும் ஆலையில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். ஒரு காலையில் தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தொப்பியைக் கழற்றி, வாய் நிறையச் சிரித்து, “என்ன சிவெர்ட், இன்னும் சாகலயா நீ?” என்று கேட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முகத்தைப் பார்த்து ஒருவர் பேசி எத்தனை நாளாயிற்று. ஓடிப்போய் கையைப் பிடித்துக் குலுக்கினேன். தலைக்கு மேல் கடற்காகங்கள் கொஞ்சநேரம் சுற்றிவிட்டு, ஏமாந்து போயின.

மூன்றாம் வாரம் கால்வாய் மதகில் சிக்கியிருந்த ஆமுண்டைக் கொக்கி போட்டு எடுத்தார்கள். கோட்டுப் பையில் பாட்டில் இருந்தது. அவருக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டு பேருக்கும் பாஸ்டர்தான் கடைசிப் பிரார்த்தனை சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்க்க முடிந்தவனுக்குக் குடிக்கவும் முடியும்.

இந்த நிலைமையில்தான் என் தம்பி குன்வால் விஷயம் வந்தது.

அப்பா விட்டுப்போன ‘நோர்ட்லிஸ்’ படகுக்கு அவன்தான் தலைவன். வசந்தத்தில் வடக்கே ஹாலிபட் மீனுக்குப் போனால் இலையுதிர்காலத்தில்தான் திரும்புவான். சீமைச்சோம்பு போட்டு வடித்த அக்வாவிட்தான் அவனுக்கு எல்லாம். முந்தின பருவத்தில் போதையில் படகைப் பாறையில் ஏற்றிவிட்டான். சமையல்காரருக்கு இரண்டு விரல் போயிற்று. அவனோடு இனி கடலுக்கு வரமாட்டோம் என்று ஆட்கள் சொல்லிவிட்டார்கள். ஈரல் இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்று டாக்டர் சொன்னார். எனக்குக் கல்யாணம் காட்சி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் என் அறைக்கு வருவான். அவித்த மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டுச் சீட்டாடுவோம். அவன் ஏமாற்றுவான். நானும் ஏமாற்றுவேன். எனக்கென்று உலகத்தில் இருந்தது அந்த ஒரு மதியம்தான்.

அவன் மனைவி போர்கில்ட் வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“அத்தான், அவர உங்க ஆஸ்பத்திரில சேத்துக்கங்க.”

“சேக்கலாம். ஆனா ஊத்தறதுக்கு வேற ஆள வரச் சொல்றேன். எவரெட் ஊர்ல எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார்.”

“அவர் ஊத்தினா எத்தன நாள் நிக்கும்?”

“ஒரு வருஷம். சில பேருக்கு அதுவும் இல்ல.”

“நீங்க ஊத்தினா?”

அடுப்பில் பொங்கிய காப்பியை இறக்கி வைத்தேன்.

“நான் ஊத்தினா, போர்கில்ட், அவன் இந்த மேசைல இனிமே உக்காரமாட்டான்.”

அவள் மேசையின் ஓரத்தை விரலால் தடவினாள். சீட்டாட்டத்தில் கோபம் வந்து குன்வால் கத்தியால் கீறிய கோடு அங்கே இருந்தது.

“உக்கார வேணாம் அத்தான். உயிரோட இருந்தாப் போதும்.”

அவனிடம் எதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உன் மூஞ்சியப் பாத்து எனக்கு நாப்பது வருஷமா குமட்டுது. புதுசா என்ன வந்துடப் போவுது?” என்றான்.

முதல் நாள் மரமேடைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, அலமாரியைப் பார்த்து விசிலடித்தான்.

“செத்தா இந்த மாதிரி எடத்துக்குத்தான் போகணும் அண்ணே.”

மிஸ் ரட் ஊசி போட்டார். நான் அக்வாவிட்டை எடுத்தேன். பாட்டிலின் கழுத்து கோப்பையில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது.

“வழக்கம்போலதானே?” என்றேன்.

“வழக்கம்போலதான்,” என்றான், கண்ணடித்து.

ஆறு நிமிஷம் கழித்து அவன் சிரிக்கவில்லை. இரண்டாம் தடவை வந்தபோது கண்ணடிக்கவில்லை. மூன்றாம் தடவை என்னைப் பார்க்காமல் பித்தளைக் குழாயையே பார்த்தான். “மூஞ்சியப் பாருங்க, குன்வால்,” என்றார் டாக்டர். இப்போது அவருக்கு எது மருந்து என்று தெரியும். நான்காம் தடவை, நான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்ததுமே, ஊசிக்கு முன்னாலேயே, தொட்டியைப் பிடித்துக்கொண்டான். ஐந்தாம் தடவை தேவையிருக்கவில்லை. போட்டோம்.

குணமாகிவிட்டான். நான் கைவைத்த வேலையில் அதுபோல் சுத்தமாக முடிந்தது வேறில்லை.

ஆனால் பாலார்ட் ஆட்கள் தினமும் என்னைப் பார்க்கிறார்கள். இவன் ஆறு மாதம் வடக்கே கடலில் இருப்பவன். ஆமுண்டின் நினைவு என்னைத் தூங்கவிடவில்லை. ஏப்ரன் கட்டி, பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு போர்கில்டிடம் கொடுத்தேன். தினமும் பார்க்க வேண்டும் என்று சொல்லி, படகில் அவன் படுக்கைக்கு எதிரே அவளே ஆணி அடித்து மாட்டினாள். முதல் பருவத்தில் அவன் பத்துக் கிலோ இளைத்துத் திரும்பினான். குடிக்கவில்லை.

பதினோரு வருஷம் அப்படிப் போயிற்று. இலையுதிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் என் வாசலில் இரண்டு தட்டு கேட்கும். திறந்தால் ஆள் இருக்கமாட்டான். காகிதத்தில் சுற்றிய மீன் துண்டு இருக்கும். சில சமயம் கடற்காகங்கள் என்னை முந்திக்கொள்ளும். ஜன்னல் வழியாக, தெருக்கோடியில் திரும்புகிற அவன் முதுகைப் பார்ப்பேன். தம்பிக்கு முடி நரைத்ததை நான் பின்பக்கமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

இதற்கிடையில் டாக்டர் விட்கோம்ப் காலமானார். குன்றின்மேல் ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். போன மாதம் படகுத்துறைப் படியில் வழுக்கி விழுந்து என் இடுப்பெலும்பு முறிந்தது. நகர ஆஸ்பத்திரியில் நான்காம் மாடியில் படுக்க வைத்தார்கள். எனக்கு முன்பே கடற்காகங்கள் ஜன்னலைக் கண்டுபிடித்து வந்துவிட்டன.

மூன்றாம் நாள் காலை வராந்தாவில் தகரவாளியின் கைப்பிடி ஆடும் சத்தம் கேட்டது. குன்வால் உள்ளே வந்தான். வாளியைத் தரையில் வைத்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வாந்திச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. திறந்தேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு பல் போயிருந்தது.

“கெழவனாயிட்ட அண்ணே.”

“குன்வால், முகத்தத் திருப்பிக்க.”

“வேணாம். வாளி சும்மா ஒரு துணைக்குத்தான் கொண்டாந்தேன். பழகிட்டேன் நான்.” பெருமையாகச் சொன்னான். “அந்தப் போட்டோ இருக்குல்ல. மொத வருஷம் அதுமேல துண்டப் போட்டு வச்சிருந்தேன். அப்புறம் யோசிச்சேன், இப்படியே உன்னைப் பாக்காம நான் செத்துப்போனா? தினமும் ஒரு நொடி துண்ட எடுத்துப் பாப்பேன். அப்புறம் ரெண்டு நொடி. ஒரு வருஷம் முழுக்க மூக்கு மட்டும் பாத்தேன். மீசைக்கு மூணு வருஷம் ஆச்சு. போன பருவத்துல உனக்கு முன்னால உக்காந்து சாப்பிட்டேன் அண்ணே, சூப்பு, ரொட்டி, எல்லாம்.”

அவன் என் கையைப் பிடித்தான். கயிறு இழுத்துக் காய்ப்பேறிய கை, சூடாக இருந்தது. நான் கட்டிலில் படுத்தபடி, என் கறுப்புக் கோட்டு வீட்டில் எந்த ஆணியில் தொங்குகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் கடற்காகங்கள் வாளியைப் பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாகப் பறந்து போயின.

தினமும் வந்தான். சீட்டுக்கட்டு கொண்டுவந்தான். ஏமாற்றுவதில் இப்போது இன்னும் தேறியிருந்தான். குனிந்து சீட்டு போடும்போதெல்லாம் அவன் மூச்சை மோந்து பார்த்தேன். புகையிலை மட்டும். பன்னிரண்டாம் நாள் வாளியில் கறுப்பு ரொட்டி கொண்டுவந்து, பிட்டு, ருசித்துத் தின்றான். சீமைச்சோம்பு போட்ட ரொட்டி. பதினோரு வருஷமாக அந்த வாசனை வந்தால் அடுமனைத் தெருவிலேயே நடக்கமாட்டான்.

“இதும் சாப்பிட முடியுது அண்ணே,” என்றான், ஆச்சரியத்தோடு.

பதினெட்டாம் நாள் அவன் போன பிறகு போர்கில்ட் வந்தாள். உட்காரவில்லை.

“மழைக்காலப் பூட்சுக்குள்ள இருந்துச்சு அத்தான். இன்னும் தொறக்கல. ஆனா இருக்கு.”

கைப்பையைத் திறந்து காட்டினாள். முத்திரை உடையாத அக்வாவிட் பாட்டில். கட்டிலுக்கு அடியில் வைக்கச் சொன்னேன்.

மிஸ் ரட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுநாளாயிற்று. ஆனாலும் அந்தக் கறுப்புப் பையோடு வந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

“அப்போ அவருக்கு நாப்பத்து மூணு. இப்போ அம்பத்து நாலு. இந்த மருந்து இதயத்துக்கு ஆகாது, சிவெர்ட். அப்போ தாங்கினது தெரியும். இன்னும் அஞ்சு தடவ தாங்குமான்னு எனக்குத் தெரியாது.”

“அந்தப் பாட்டில அவன் ஈரல் தாங்குமா?”

அவர் ஊசிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “எப்போ?”

நாளைக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். “நாளன்னிக்கு,” என்றேன். இன்னொரு நாள் சீட்டாட ஆசையாக இருந்தது. அந்தப் பத்தொன்பதாம் நாளில் நான் ஏமாற்றாமலேயே ஜெயித்தேன்.

இருபதாம் நாள் காலை போர்கில்ட் என் பழைய ஏப்ரனைக் கொண்டுவந்து கட்டிவிட்டாள். தலையணையை உயர்த்தி உட்காரவைத்தாள். சாப்பாட்டுப் பலகையைக் குறுக்கே இழுத்தேன், அதுதான் மேடை. பாட்டில், கோப்பை. மிஸ் ரட் கதவுக்குப் பின்னால் நின்றார். ஜன்னலில் கடற்காகங்கள் வந்து வரிசையாக உட்கார்ந்தன. அவற்றுக்கு யார் சொன்னார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

வராந்தாவில் வாளியின் கைப்பிடி ஆடிக்கொண்டு வந்தது.

குன்வால் வாசலில் நின்றான். ஏப்ரனைப் பார்த்தான். பாட்டிலைப் பார்த்தான், அது எந்தப் பாட்டில் என்று தெரிந்துகொண்டான். கதவுக்குப் பின்னால் வெள்ளைக் காலணி தெரிந்ததையும் பார்த்தான். ஓடிவிடுவான் என்று நினைத்தேன். ஓடட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

அவன் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, வாளியை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டான். சட்டைக்கையை மடித்தான். பாதியில் நிறுத்தினான்.

“ரட்டம்மா, ஒரு நிமிஷம் பொறுங்க,” என்றான்.

பிறகு என்னைப் பார்த்தான். மூக்கு, மீசை, கண்ணுக்குக் கீழே இருக்கும் தழும்பு என்று, படகில் எந்த வரிசையில் பழகினானோ அதே வரிசையில், அவசரமில்லாமல் பார்த்தான். நானும் பார்த்தேன். அந்தப் பல் எப்போது போனது என்று கேட்க மறந்திருந்தேன். இனிமேல் போர்கில்டிடம்தான் கேட்க வேண்டும். அதுவும் இவன் இதைத் தாங்கினால்.

“சரி,” என்று கையை நீட்டினான்.

மிஸ் ரட் ஊசியைப் போட்டுவிட்டு, அவன் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். பிடித்த கையை விடவில்லை. நான் பாட்டிலின் முத்திரையை உடைத்து ஊற்றினேன். இந்தத் தடவை பாட்டிலின் கழுத்து கோப்பையில் தட்டவில்லை.

“வழக்கம்போலதானே?” என்றேன்.